ஒரே வீரர், வேறு திட்டம்: குவாட்டர்பேக்குகளின் தலையெழுத்தை மாற்றிய பில் வால்ஷ் யார்?

1978-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் குவாட்டர்பேக் ஸ்டீவ் டிபெர்க் அந்த சீசனில் 302 பாஸ்களை வீசினார். அதில் 137 மட்டுமே சக வீரர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. நூற்றுக்கு 45. பாதிகூட இல்லை.

அடுத்த ஆண்டும் அதே அணி, அதே டிபெர்க். ஆனால் இந்த முறை 578 பாஸ்களில் 347 சேர்ந்தன. நூற்றுக்கு 60. ஒரே சீசனில் இத்தனை பாஸ் வீசியவரும், இத்தனை பாஸ்களை வெற்றிகரமாகச் சேர்த்தவரும் அதுவரை அமெரிக்க தேசிய கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-லில் யாருமே கிடையாது.

ஒரே வருஷத்தில் அவருடைய கைக்கு என்ன புது பலம் வந்துவிட்டது? எதுவும் வரவில்லை. மாறியது பயிற்சியாளர். புதிதாக வந்த பில் வால்ஷ், டிபெர்க் வீச வேண்டிய பாஸ்களையே மாற்றி வரைந்தார்.

ஒரு குவாட்டர்பேக் நன்றாக ஆடுவது அவருடைய திறமையாலா, அவர் கையில் கொடுக்கப்படும் திட்டத்தாலா? அமெரிக்க கால்பந்து ரசிகர்கள் இன்றும் சண்டை போடும் இந்தக் கேள்விக்கு, வால்ஷின் வாழ்க்கையைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

முதலில், குவாட்டர்பேக் என்றால் யார்?

இது நம்ம ஊரில் ஆடும் ஃபுட்பால் இல்லை. பந்து நீள்வட்டமாக இருக்கும், பெரும்பாலும் கையால்தான் ஆட்டம். தாக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் 4 வாய்ப்புகள் கிடைக்கும். எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் டச் டவுன், 6 புள்ளிகள்.

ஒவ்வொரு வாய்ப்புக்கும் நடுவில் ஆட்டம் நின்றுவிடும். அந்த இடைவெளியில்தான் அடுத்து யார் எங்கே ஓட வேண்டும், யார் யாரைத் தடுக்க வேண்டும் என்ற திட்டம் சொல்லப்படும். இதற்குப் பெயர் 'பிளே'. பந்தைக் கையில் வாங்கி இதை நடத்திக் காட்டுபவர்தான் குவாட்டர்பேக். அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று விநாடிகள். அதற்குள் 120 கிலோ எடையுள்ள ஆட்கள் அவரைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். அந்த மூன்று விநாடியில் எங்கே பார்க்க வேண்டும், யாருக்கு வீச வேண்டும் என்பது முன்கூட்டியே எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதில்தான் வால்ஷ் தன் வாழ்நாளைச் செலவிட்டார்.

பெரிய வீரராக இருந்தவர் இல்லை

1931 நவம்பர் 30-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர் வால்ஷ். ஜூனியர் காலேஜில் குவாட்டர்பேக்காக ஆடினார், பிறகு சான் ஹோசே ஸ்டேட் கல்லூரியில் வேறு இடத்தில் ஆடினார். குத்துச்சண்டையும் போட்டார். தொழில்முறை வீரராக எங்கேயும் பெயர் எடுக்கவில்லை. 1957-ல் ஃப்ரீமான்ட் நகரில் ஒரு உயர்நிலைப் பள்ளி அணிக்குப் பயிற்சியாளர். அங்கிருந்து கலிஃபோர்னியா, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களில் உதவிப் பயிற்சியாளர். 1966-ல் ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் அணியில் ஒரு வருஷம். பாஸ் ஆட்டத்தை ஒரு பாடமாகவே வளர்த்த சிட் கில்மனின் முறைகள் அந்த அணியில் புழக்கத்தில் இருந்தன. வால்ஷ் அதை அங்கேதான் உள்வாங்கினார்.

1968-ல் சின்சினாட்டி நகரில் பெங்கால்ஸ் என்ற புது அணி தொடங்கியது. தலைமைப் பயிற்சியாளர் பால் பிரவுன், அந்த விளையாட்டில் பழம்பெரும் பெயர். அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார் வால்ஷ்.

ஒரு தோள் கிழிந்ததில் பிறந்த ஆட்டமுறை

1969-ல் பெங்கால்ஸுக்கு கிரெக் குக் என்ற இளைஞர் வந்தார். உயரம், பலம், நீண்ட தூரம் துல்லியமாக வீசும் கை, எல்லாமே இருந்தது. வால்ஷும் அதற்கேற்ற மாதிரிதான் திட்டம் போட்டார்: நீண்ட பாஸ்கள், துணிச்சலான ஆட்டம். முதல் சீசனிலேயே ஒரு பாஸ் முயற்சிக்குச் சராசரியாக 9.4 யார்டு. பெரிய பெரிய குவாட்டர்பேக்குகளே 8-ஐத் தொட்டால் பாராட்டும் விளையாட்டு இது.

ஆனால் சீசனின் மூன்றாவது போட்டியிலேயே அவருடைய வீசும் தோளில் அடி. ஊசி போட்டுக்கொண்டு மிச்ச சீசனை ஆடி முடித்தார். தோள் மூட்டைச் சுற்றியுள்ள தசைநார் கிழிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அன்றைய மருத்துவத்தில் அதற்குச் சரியான தீர்வு இல்லை. அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு 1973-ல் ஒரே ஒரு போட்டி, அவ்வளவுதான் அவருடைய விளையாட்டு வாழ்க்கை. தான் பார்த்ததிலேயே பெரிய திறமை என்று வால்ஷ் கடைசிவரை நினைத்தது மோன்டானாவை இல்லை, இந்த குக்கைத்தான்.

1970-ல் குக்கின் இடத்துக்கு வந்தவர் வர்ஜில் கார்ட்டர். குக்குக்கு நேர் எதிர். உயரம் குறைவு, நீண்ட தூரம் வீசும் பலம் கிடையாது. ஆனால் மூளை கூர்மை, கால் வேகம், குறுகிய தூரத்தில் துல்லியம். (மைதானத்தில் பந்து இருக்கும் இடத்துக்கு எத்தனை புள்ளி மதிப்பு என்று கணக்குப் போட்டு, 1971-ல் ஒரு ஆய்வுக் கட்டுரையையே இணைந்து எழுதியவர் இந்த கார்ட்டர். இன்று எல்லா அணிகளும் வைத்திருக்கும் புள்ளிவிவரப் பிரிவுகளுக்கு அது ஒரு முன்னோடி.)

வழக்கமான வழி, இவரை வைத்துக்கொண்டு ஓட்ட ஆட்டத்தை அதிகமாக்கி எப்படியாவது சமாளிப்பது. வால்ஷ் வேறு வழி பிடித்தார். கைக்கு எட்டாத பாஸை வீசச் சொல்வதை நிறுத்திவிட்டு, எட்டும் பாஸ்களை வைத்தே ஒரு முழு ஆட்டத்தைக் கட்டினார்.

அப்படி என்னதான் மாற்றினார்?

மைதானத்தின் நீளத்தைப் பற்றியே எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, வால்ஷ் அகலத்தைப் பார்த்தார். அகலம் 53 யார்டுக்குக் கொஞ்சம் அதிகம். அந்த முழு அகலத்துக்கும் 5 பேரைப் பரப்பினால், தடுப்பவர்களுக்கு இடையில் இடைவெளி விழுந்தே ஆக வேண்டும். அந்த இடைவெளிக்குள் 6 யார்டு, 8 யார்டு பாஸ்கள். கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்தையும் சிக்ஸருக்குத் தூக்காமல் ஒன்று, இரண்டு எனத் தட்டி ரன் சேர்ப்பது போலத்தான்.

இரண்டாவது, நேரம். குவாட்டர்பேக் பந்தை வாங்கி 3 அடி பின்வாங்கினால் ஒரு வகை பாஸ், 5 அடி பின்வாங்கினால் இன்னொரு வகை. அவருடைய காலடியும் ரிசீவரின் காலடியும் ஒரே தாளத்தில் பொருத்தப்பட்டிருக்கும். கடைசி அடி தரையில் ஊன்றும்போது பந்து கையை விட்டுப் போக வேண்டும். அந்த நொடியில் ரிசீவர் இன்னும் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டார். அவர் திரும்பும்போது பந்து அங்கே இருக்கும். ரிசீவர் தடுப்பாளரிடமிருந்து விலகி நிற்கும் வரை காத்திருந்து வீசுபவருக்குத்தான் பீரங்கி மாதிரி கை வேண்டும். விலகப்போகும் இடத்துக்கு முன்னதாகவே வீசுபவருக்குச் சாதாரணக் கையே போதும்.

மூன்றாவதுதான் குவாட்டர்பேக்கின் தலைக்குள் நடந்த மாற்றம். ஒரு எளிய உதாரணம்: ஒரே பக்கத்தில் இரண்டு ரிசீவர்கள். ஒருவர் 10, 12 யார்டு ஓடி, நின்று திரும்புகிறார். இன்னொருவர் பக்கவாட்டில் ஓரக்கோட்டை நோக்கி ஓடுகிறார். அவர்கள் இருவருக்கும் நடுவில் எதிரணியின் ஒரே ஒரு தடுப்பாளர். குவாட்டர்பேக் பார்க்க வேண்டியது அந்த ஒருவரை மட்டும்தான். அவர் ஓரத்துக்கு ஓடினால் உள்ளே நிற்பவருக்கு வீசு. அவர் உள்ளேயே நின்றால் ஓரத்தில் ஓடுபவருக்கு வீசு. தடுப்பாளர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் தப்பு. 11 பேரைப் பார்த்துக் குழம்ப வேண்டிய ஆள், ஒரே ஒருவரைப் பார்த்து முடிவெடுக்கிறார்.

அந்த வழியும் அடைபட்டால் இரண்டாவது ஆள் யார், மூன்றாவது ஆள் யார் என்பதும் வரிசையாக மனப்பாடம். யாருமே இல்லாவிட்டால் பக்கத்திலேயே ஓட்ட வீரர் ஒருவர் காத்திருப்பார். அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் ரிசீவர் வேகத்தைக் குறைக்காமல் பிடிக்கும்படி, நெஞ்சுக்கு முன்னால் சரியான இடத்தில் பந்து விழ வேண்டும் என்பதில் வால்ஷ் படுகறார். 6 யார்டு பாஸ், பிடித்தவர் ஓடும் ஓட்டத்தில் 20 யார்டாக மாறும். புள்ளிவிவரத்தில் அந்த 20-ம் குவாட்டர்பேக் கணக்கில்தான் சேரும்.

பலன்? 1970-ல் முதல் 7 போட்டிகளில் ஒன்றில் மட்டுமே ஜெயித்த பெங்கால்ஸ், அடுத்த 7-லும் ஜெயித்துத் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. 1971-ல் என்.எஃப்.எல்-லிலேயே அதிக சதவீதப் பாஸ்களைச் சேர்த்த குவாட்டர்பேக் யார் தெரியுமா? 62.2 சதவீதத்துடன் அதே கார்ட்டர்தான்.

அதே ஆண்டு அகஸ்டானா என்ற சின்ன கல்லூரியிலிருந்து மூன்றாவது சுற்றில் எடுக்கப்பட்ட கென் ஆண்டர்சன், அடுத்த மாணவர். வால்ஷ் அவருடைய பாதங்களிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுத்தார். 1974 நவம்பரில், அன்றைய மிக வலிமையான தடுப்பாட்டம் கொண்ட பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு எதிராக ஆண்டர்சன் 22 பாஸ்களில் 20-ஐச் சேர்த்தார். 1974, 1975 இரண்டு ஆண்டுகளிலும் லீக்கின் முதல்தர பாஸ் வீரர் அவர்தான்.

பின்னாளில் இந்த முறைக்கு 'வெஸ்ட் கோஸ்ட் அஃபென்ஸ்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பிறந்தது என்னவோ கடற்கரையே இல்லாத ஒஹாயோ மாநிலத்தில்!

44 வயதில் விழுந்த அடி

பெங்கால்ஸில் போட்டி நாளன்று மேலே அறையில் உட்கார்ந்து பிளேக்களைத் தொலைபேசியில் கீழே சொல்லிக்கொண்டிருந்தவர் வால்ஷ். மைதான ஓரத்தில் நின்று பெயர் வாங்கியவர் பால் பிரவுன். 1976 தொடக்கத்தில் பிரவுன் ஓய்வு பெற்றார். எட்டு வருஷம் உழைத்த தனக்குத்தான் அந்தப் பதவி என்று வால்ஷ் நம்பியிருந்தார். பிரவுன் தேர்ந்தெடுத்தது இன்னொரு உதவியாளரான பில் ஜான்சனை.

அந்தக் காயம் வால்ஷுக்குக் கடைசிவரை ஆறவில்லை. சான் டியகோ சார்ஜர்ஸில் ஒரு வருஷம், தடுமாறிக்கொண்டிருந்த இளம் குவாட்டர்பேக் டான் ஃபவுட்ஸுக்குப் பயிற்சி. பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளர். அங்கேயும் அதே கதைதான்: அவரிடம் ஆடிய கை பெஞ்சமின், ஸ்டீவ் டில்ஸ் இருவருமே நாட்டின் முன்னணி கல்லூரி குவாட்டர்பேக்குகள் வரிசையில் வந்தார்கள்.

1979 ஜனவரியில் ஃபார்ட்டி நைனர்ஸ் உரிமையாளர் எட்வர்ட் டிபார்டோலோ ஜூனியர் அவரை அழைத்தார். என்.எஃப்.எல்-லில் முதல்முறை தலைமைப் பயிற்சியாளர் ஆகும்போது வால்ஷுக்கு வயது 47.

ஆனால் டிபெர்க் ஜெயித்தாரா?

தொடக்கத்தில் பார்த்த கணக்கில் ஒரு முள் இருக்கிறது. டிபெர்க்கின் சதவீதம் 45-லிருந்து 60-க்குத் தாவியது உண்மை. பாஸ் ஆட்டத்துக்குச் சாதகமான விதிமாற்றம் 1978-லேயே வந்துவிட்டதால், இரண்டு சீசனும் ஒரே விதியில்தான் ஆடப்பட்டன. ஆக, திட்டத்தின் பங்கு இதில் பெரியது என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் 1979-லும் அணி 16-ல் 2 போட்டிகளில்தான் ஜெயித்தது! டிபெர்க் எதிரணியின் கையில் கொடுத்த பாஸ்கள் 1978-ல் 22, 1979-ல் 21. முக்கியமான கட்டத்தில் தவறு செய்யும் பழக்கம் போகவே இல்லை. அணியின் தடுப்பாட்டமும் பலவீனமாக இருந்தது, பழி முழுக்க அவர்மேல் இல்லைதான். என்றாலும், வரைபடம் ஒருவரை எவ்வளவு தூரம் தூக்கிவிடும், எங்கே கைவிடும் என்பதை இந்த இரண்டு வரிசை எண்களே காட்டிவிடுகின்றன.

அதே 1979-ல் மூன்றாவது சுற்றில், 82-வது ஆளாக ஒரு ஒல்லியான பையனை எடுத்தார் வால்ஷ். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் ஜோ மோன்டானா. கை பலம் போதாது என்று பல அணிகள் தள்ளிவைத்தவர். வால்ஷ் பார்த்தது கையை இல்லை, கால்களை. பின்வாங்கும் காலடியில் அவ்வளவு லயம், நெருக்கடியில் அவ்வளவு நிதானம். தன் வரைபடத்துக்கு என்ன மாதிரி ஆள் வேண்டும் என்பது அவருக்கு கார்ட்டர் காலத்திலிருந்தே தெரியும்.

1980-ல் மோன்டானா மெல்ல மெல்ல முதல் இடத்துக்கு வந்தார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பாஸ் சதவீதத்தில் லீக்கிலேயே முதலிடம். டிபெர்க் வேறு அணிக்கு மாற்றப்பட்டார்.

ஒரு பிளே, இரண்டு முறை

1982 ஜனவரி 10, சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க். டல்லஸ் கவ்பாய்ஸுக்கு எதிரான அரையிறுதி. 27-21 என டல்லஸ் முன்னிலை. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம், எல்லைக்கு 6 யார்டு தூரம்.

வால்ஷ் சொன்ன பிளே, அதே போட்டியின் தொடக்கத்தில் ஃப்ரெடி சாலமனுக்கு ஒரு டச் டவுன் வாங்கிக்கொடுத்த அதே பிளேதான். குவாட்டர்பேக் வலப்பக்கம் ஓட வேண்டும், முதல் இலக்கு சாலமன். இந்த முறை சாலமன் வழுக்கிவிட்டார். மூன்று பேர் துரத்த, மோன்டானா ஓரக்கோடு வரை பின்வாங்கிக்கொண்டே போனார். பார்த்தவர்கள் கதை முடிந்தது என்றே நினைத்தார்கள்.

ஆனால் திட்டத்தில் இரண்டாவது ஆள் இருந்தார். டுவைட் கிளார்க், பின் எல்லைக்கோட்டை ஒட்டி ஓடிவர வேண்டியவர். பந்தை அவர் மட்டுமே எட்டும் உயரத்தில் வீச வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் கிடைக்காமல் வெளியே போக வேண்டும். பயிற்சி முகாமிலேயே இதைப் பழகியிருந்தார்கள். மோன்டானா வீசினார், கிளார்க் எம்பிப் பிடித்தார். 28-27. அமெரிக்காவில் 'தி கேட்ச்' என்று இன்றும் பேசப்படும் தருணம் இது.

திட்டம்தான் ஜெயித்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியுமா? கிளார்க் அங்கே இருப்பார் என்பது வால்ஷ் வரைந்தது. சாயப்போகிற நொடியில், நிலைதடுமாறிய காலில் நின்று, அந்த ஒரே உயரத்துக்குப் பந்தை அனுப்பியது மோன்டானா. எந்தக் காகிதத்திலும் அதை வரைய முடியாது.

இரண்டு வாரம் கழித்து சூப்பர் பவுல் இறுதிப்போட்டி. எதிரணி யார்? சின்சினாட்டி பெங்கால்ஸ்! எதிரில் நின்ற குவாட்டர்பேக், அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது பெற்ற கென் ஆண்டர்சன். அவர் அன்று 34 பாஸ்களில் 25-ஐச் சேர்த்தார். அப்போது அது சூப்பர் பவுல் சாதனை. ஃபார்ட்டி நைனர்ஸ் 26-21 என ஜெயித்தது. இரண்டு பக்கமும் வால்ஷ் செதுக்கிய குவாட்டர்பேக்குகள். தன்னைத் தலைமைப் பதவிக்கு வேண்டாம் என்ற அணியை வீழ்த்தித்தான் தன் முதல் கோப்பையைத் தூக்கினார் வால்ஷ்.

முதல் 25 பிளேக்கள்

வால்ஷின் இன்னொரு பழக்கம் அப்போது பலருக்கும் வேடிக்கையாக இருந்தது. போட்டிக்கு முன்பே முதல் 25 பிளேக்களை வரிசையாக எழுதிவைத்துவிடுவார். கூட்டத்தின் சத்தத்தில், பதற்றத்தில் எடுக்கும் முடிவைவிட, அமைதியாக உட்கார்ந்து எடுத்த முடிவு நல்லது என்பது அவருடைய கணக்கு. குவாட்டர்பேக்குக்கு முந்தின இரவே தொடக்கம் தெரிந்திருக்கும். தலைக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுத் தூங்கலாம். எதிரணி ஒவ்வொரு அமைப்புக்கும் எப்படி நகர்கிறது என்பதும் அந்த 25-க்குள் தெரிந்துவிடும். இன்று இதைச் செய்யாத அணியைத் தேட வேண்டும்.

1985-ல் அவருடைய ஓட்ட வீரர் ரோஜர் கிரெய்க், ஒரே சீசனில் ஓடியும் 1,000 யார்டு, பாஸ் பிடித்தும் 1,000 யார்டு தாண்டிய முதல் வீரர் ஆனார். அந்த ஆண்டில் அவர் பிடித்தவை 92 பாஸ்கள். குவாட்டர்பேக்குக்குப் பக்கத்திலேயே எப்போதும் ஒரு ஆள் என்ற யோசனை எந்த அளவுக்குப் போனது என்பதற்கு இந்த எண் போதும்.

1987-ல் ஸ்டீவ் யங்கை வாங்கினார் வால்ஷ். டம்பா பே அணியில் யங் தொடங்கிய 19 போட்டிகளில் வெற்றி 3 மட்டுமே. 11 டச் டவுன் பாஸ்கள், எதிரணிக்குப் போனவை 21. முடிந்துபோன கேஸ் என்று அந்த அணி கைவிட்டவர். அதே யங், ஃபார்ட்டி நைனர்ஸில் 1992, 1994 என இரண்டு முறை லீக்கின் சிறந்த வீரர். 1995 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில் 6 டச் டவுன் பாஸ்கள்.

பாதி வழியில் இறங்கியவர்

வெளியே பார்த்தால் அமைதியான பேராசிரியர் மாதிரி இருப்பார். உள்ளே ஒவ்வொரு தோல்வியும் அவரைத் தின்றது. 1982 சீசன் மோசமாகப் போனபோதே வேலையை விட்டுவிட நினைத்தார். 1987-ல் 13 வெற்றிகளுடன் வந்த அணி, மினசோட்டாவிடம் சொந்த மைதானத்திலேயே வெளியேறியது. நடுப்போட்டியில் மோன்டானாவை வெளியே எடுத்து யங்கை இறக்கினார். அதற்குப் பிறகு உரிமையாளர் அவரிடமிருந்து அணித் தலைவர் பட்டத்தைப் பறித்தார். மோன்டானாவா, யங்கா என்ற இழுபறி அடுத்த சீசன் முழுக்க ஓடியது.

1989 ஜனவரி 22, மூன்றாவது சூப்பர் பவுல். எதிரில் மறுபடியும் பெங்கால்ஸ். அந்த அணியின் பயிற்சியாளர் சாம் வைச், வால்ஷின் முன்னாள் உதவியாளர். கடைசி 3 நிமிடங்களில் 92 யார்டு நடந்து, 34 விநாடிகள் மிச்சமிருக்கும்போது ஜான் டெய்லருக்கு மோன்டானா வீசிய பாஸில் 20-16. வால்ஷ் அத்துடன் விலகினார். வயது 57.

அடுத்த ஆண்டு, அவருடைய உதவியாளர் ஜார்ஜ் சீஃபர்ட் தலைமையில் அதே அணி, அதே பிளேக்களுடன் 55-10 என இன்னொரு சூப்பர் பவுலை வென்றது. அவசரப்பட்டு விலகிவிட்டோம் என்ற வருத்தம் வால்ஷுக்குக் கடைசிவரை இருந்தது. தான் இல்லாமலும் ஓடும்படி ஒன்றைக் கட்டிவைத்ததற்கு அவர் கொடுத்த விலை அது.

அவரிடம் வேலை பார்த்தவர்கள் அந்த முறையைக் கையோடு கொண்டுபோனார்கள். கிரீன் பேயில் மைக் ஹோம்கிரன், பிரெட் ஃபார்வை வைத்துக் கோப்பை வென்றார். 1993-ல் மோன்டானா கன்சாஸ் சிட்டிக்குப் போனபோது, அங்கே பாஸ் ஆட்டத்தைக் கவனித்தவரும் வால்ஷின் பழைய உதவியாளர் பால் ஹாக்கெட்தான். 37 வயது மோன்டானா அந்த அணியை அரையிறுதி வரை கொண்டுபோனார். வால்ஷ் இல்லாத இடத்திலும் மோன்டானா சாதித்தார் என்று சொல்பவர்களும், வால்ஷின் பிளேக்களை வைத்துத்தான் சாதித்தார் என்று சொல்பவர்களும் இந்த ஒரே சீசனைத்தான் காட்டுகிறார்கள்.

1993-ல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் வால்ஷுக்குக் கிடைத்தது. இடையில் மறுபடியும் ஸ்டான்ஃபோர்டு, பிறகு ஃபார்ட்டி நைனர்ஸின் பொது மேலாளர் பதவி. ரத்தப் புற்றுநோயுடன் போராடி, 2007 ஜூலை 30-ல் தன் 75-வது வயதில் காலமானார். கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானத்துக்கு பில் வால்ஷ் ஃபீல்டு என்று பெயர் வைத்தார்கள். அந்த ஸ்டேடியம் 2015-ல் இடிக்கப்பட்டது.